ஒரு படத்தை எவ்வளவு பெருப்பிக்கலாம்?

அம்மாவுக்கு ஐப்பசியில் அறுபது வயது. அதற்கு இரண்டு மாதம் முன்னரே ரொறன்ரோவில் இருக்கும் அக்கா வட்ஸ்அப்பில் ஒரு படத்தை அனுப்பிவிட்டார். போன வருடம் நல்லூர்த் திருவிழாவுக்கு எல்லோரும் ஊருக்கு வந்து நின்றபோது வீட்டு முற்றத்தில் எடுத்தது. மாமரத்துக்கு முன்னால் பன்னிரண்டு பேர் ஒரே வரிசையில் நிற்கிறோம். கூடவே ஒரு குரல் பதிவு: "இதைப் பெரிசாக் கன்வஸிலை அடிச்சு ஹோலிலை மாட்டிவிடு. காசு நான் போடுறன்." அளவையும் அவரே தீர்மானித்துவிட்டார்: 32 அங்குல அகலம், 24 அங்குல உயரம்.

யாழ்ப்பாணத்தில் படம் அடித்துக் கொடுக்கும் கடைகளுக்குக் குறைவில்லை. பிறந்தநாளோ, சாமத்தியவீடோ, அந்தியேட்டியோ, பதாகை இல்லாமல் நம் ஊரில் இப்போது எதுவும் நடப்பதில்லை. ஸ்ரான்லி வீதிப் பக்கம் ஒரு கடைக்குள் நுழைந்து போனை நீட்டினேன். கணினிக்கு முன்னால் இருந்த பொடியன் படத்தைத் திறந்தான், ஒரு முகத்தைத் திரை நிறையப் பெரிதாக்கினான், என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணை, இது வட்ஸ்அப்பிலை வந்ததோ?"

"ஓம்."

"ஒறிஜினல் இருந்தா எடுங்கோ. இதை அடிச்சா பிக்சல் உடையும்."

"பிக்சல் உடையும்" என்பது நம் கடைகளில் புழங்கும் சொல். கேட்கும்போது ஏதோ கண்ணாடி நொருங்குவதுபோல இருக்கும். உண்மையில் ஒன்றும் உடைவதில்லை. டிஜிட்டல் படம் என்பது கட்டம் கட்டமாக எழுதி வைத்த எண்களின் அட்டவணை, அவ்வளவுதான். ஒரு கட்டத்துக்கு மூன்று எண்: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. வழக்கமாக ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அந்தக் கட்டத்தின் பெயர்தான் பிக்சல். அதற்கென்று சொந்தமாக நீளமோ அகலமோ கிடையாது. போன் திரையில் ஊசிமுனையாக இருப்பதும் அதே எண்தான், தெருப் பதாகையில் சோகி அளவில் தெரிவதும் அதே எண்தான். அதை எவ்வளவு பெரிய சதுரமாக விரிப்பது என்பதை அச்சடிக்கும்போது நாம்தான் முடிவுசெய்கிறோம்.

ஒளிப்படம் ஒன்றை முதன்முதலில் இப்படி எண்களாக மாற்றியவர் ரசல் கேர்ஷ் என்ற அமெரிக்கர். ஆண்டு 1957. அங்கத்தைய தேசிய நியமங்கள் பணியகத்தில், தானும் கூட்டாளிகளும் செய்த ஸ்கானரில் அவர் வைத்தது ஐந்து சென்ரிமீற்றர்ச் சதுரப் படம் ஒன்று. கிடைத்தது 176க்கு 176 பிக்சல், மொத்தம் முப்பத்தோராயிரத்துக்குச் சற்றுக் குறைவு. படத்தில் இருந்தது யார் என்றால் அவருடைய மூன்று மாதக் குழந்தை. ஆக, கணினிக்குள் போன முதல் படமே குடும்பப் படம்தான். அக்கா ஒன்றும் புதிதாக ஆசைப்படவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். அக்காவின் போன் எடுத்த படம் 4000க்கு 3000, அதாவது ஒரு கோடி இருபது இலட்சம் பிக்சல். வட்ஸ்அப் சாதாரணமாக ஒரு படத்தை அனுப்பும்போது நீளமான பக்கத்தைச் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருக்கிவிடும். எனக்கு வந்தது 1600க்கு 1200, பத்தொன்பது இலட்சம் சொச்சம். ஒறிஜினலில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. 32 அங்குல அகலத்துக்கு விரித்தால் ஒறிஜினல் அங்குலத்துக்கு 125 பிக்சல் தரும். எனக்கு வந்த படம் 50தான் தரும். பன்னிரண்டு பேர் தோளோடு தோள் நிற்கும் படத்தில் ஒருவருக்குக் கிடைப்பது 130 பிக்சல் அகலம். அதிலும் முகத்துக்கு அறுபது. அம்மாவின் கண், மூக்கு, சிரிப்பு, மூக்குத்தி எல்லாம் அந்த அறுபதுக்குள் அடங்கவேண்டும்.

அங்குலத்துக்கு 50 என்றால் போதாதா? அச்சகத்தில் கேட்டால் 300 வேண்டும் என்பார்கள். அந்த 300 எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் அது அச்சு இயந்திரத்தின் விதி அல்ல, நம் கண்ணின் விதி. கண் பரிசோதனைக்குப் போனால் ஆறு மீற்றர் தள்ளி ஓர் எழுத்து அட்டை மாட்டியிருப்பார்கள் அல்லவா? நெதர்லாந்துக் கண் வைத்தியர் ஹேர்மன் ஸ்நெலன் 1862இல் வகுத்த முறை அது. அதில் "சரியான பார்வை" என்று கொள்ளப்படும் வரியின் எழுத்துகளை அளந்தால், ஒவ்வொரு கோட்டின் தடிப்பும் கண்ணில் ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு கோணத்தை எடுக்கும். நல்ல பார்வை உள்ளவர் பிரித்தறியக்கூடிய எல்லை கிட்டத்தட்ட அதுதான். அதைவிட நெருக்கமாக இரண்டு புள்ளிகள் இருந்தால் கண் அவற்றை ஒன்றாகச் சேர்த்துவிடும்.

இந்தக் கோணத்தைத் தூரத்தோடு பெருக்கிப் பாருங்கள். 30 சென்ரிமீற்றர் தூரத்தில், அதாவது அல்பத்தை மடியில் வைத்துப் பார்க்கும் தூரத்தில், அது 0.09 மில்லிமீற்றருக்கும் சற்றுக் குறைவு. ஓர் அங்குலத்துக்குள் ஏறத்தாழ 290 புள்ளிகள். அச்சகத்தார் சொல்லும் 300 இதுதான். ஒரு மீற்றர் தள்ளி நின்றால் 87 போதும். இரண்டு மீற்றர் என்றால் 44.

எங்கள் ஹோலில் கதிரையில் இருந்து எதிர்ச் சுவருக்கு இரண்டு மீற்றருக்குக் கொஞ்சம் கூட. 44 போதுமான இடத்தில் என்னிடம் 50 இருக்கிறது. பிறகேன் இந்தப் பொடியன் வேண்டாம் என்கிறான்? அவனிடமே கேட்டேன். அவன் விவாதிக்கவில்லை. 32 அங்குலத்தில் எப்படி வருமோ அதே அளவில், அத்தானின் முகமும் தோளும் உள்ள ஒரு துண்டை மட்டும் அடித்துச் சுவரில் ஒட்டினான். "இப்ப தள்ளி நிண்டு பாருங்கோ."

தள்ளி நின்றேன். பிக்சல் கண்ணுக்குத் தெரியவில்லை, கணக்கு சரிதான். ஆனால் அத்தானின் தலைமயிரைச் சுற்றிக் கறையான் அரித்ததுபோல ஒரு கலங்கல். கட்டம் போட்ட சட்டையில் கட்டத்தைக் காணவில்லை. பின்னால் இருந்த சுண்ணாம்புச் சுவரில், யாரோ அடிமட்டம் வைத்து வெட்டியதுபோல, சின்னச் சின்னச் சதுரங்கள். ஒவ்வொன்றும் பச்சையரிசி நீளம் இருக்கும்.

அந்தச் சதுரங்கள் பிக்சல் அல்ல. அவை வந்த வழியைச் சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும்.

1600க்கு 1200 பிக்சலை எண்களாக அப்படியே எழுதினால் ஐம்பத்தேழு இலட்சம் பைட் வரும். எனக்கு வந்த கோப்போ 240 கிலோபைட். இருபத்துநான்கில் ஒரு பங்கு. மிச்சம் எங்கே போனது? அதைக் கழித்தது ஜேபெக் என்ற முறை. 1992இல் நியமமாக வந்தது. அதன் இதயத்தில் இருக்கும் கணிதம் அதற்கும் முந்தையது. பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ் என்ற மூவரும் 1974இல் வெளியிட்ட கோசைன் மாற்றுதான் அது. பள்ளியில் கோணக் கணிதத்தில் நம்மைப் படாதபாடு படுத்திய அதே கோசைன்தான்.

ஜேபெக் படத்தை 8க்கு 8 பிக்சல் கொண்ட சதுரத் துண்டுகளாக வெட்டும். ஒவ்வொரு துண்டையும் 64 அலைக்கோலங்களின் கலவையாகப் பார்க்கும். முதலாவது கோலத்தில் அலையே இல்லை, துண்டின் சராசரி வெளிச்சம் மட்டும். அடுத்தவை மெதுவாக ஏறி இறங்கும் அலைகள். கடைசியில் உள்ளவை மிக நெருக்கமானவை: சட்டைக் கட்டம், தலைமயிர், சேலைக் கரையின் சரிகை. நம் கண் நெருக்கமான அலைகளில் சின்னப் பிழைகளைக் கவனிப்பதில்லை. ஆகவே ஜேபெக் அவற்றின் அளவை முரட்டுத்தனமாக முழு எண்ணாக்கும், பலவற்றைப் பூச்சியமாக்கும். பூச்சியங்களை எழுத இடமே வேண்டாம், கோப்புச் சுருங்கிவிடும். நிறத்தை இன்னும் மோசமாக நடத்தும். வெளிச்சத்தைப் பிக்சல் பிக்சலாக வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் நான்கு பிக்சலுக்கு ஒன்று என்றுதான் வைக்கும். கமரா முதலில் சேமிக்கும்போது இது பவுத்திரமாக நடக்கும். வட்ஸ்அப் வழியில் போகும்போது கை நீளும், துண்டுகளில் பலவற்றில் சராசரியும் ஓரிரண்டு மெல்லிய அலைகளும்தான் மிஞ்சும். பக்கத்துத் துண்டோடு விளிம்பு பொருந்தாமல் கோடு தெரியத் தொடங்கும்.

இப்போது அந்த 8 பிக்சல் துண்டை அங்குலத்துக்கு 50 என்ற கணக்கில் விரியுங்கள். நான்கு மில்லிமீற்றர். இரண்டு மீற்றரில் கண் 0.6 மில்லிமீற்றரையே பிடிக்கும்போது நான்கு மில்லிமீற்றர்ச் சதுரம் தப்புமா? பிக்சல் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் படத்தின் தரத்தைச் சொல்லமுடியாது என்பது இதனால்தான். கதிரையில் இருந்து பார்க்க 50 போதும் என்பது, அந்த 50உம் உண்மையான விவரத்தைச் சுமந்து வந்தால்தான்.

இதற்கு நேர்மாறான ஒரு வேடிக்கையும் உண்டு. அதே வட்ஸ்அப் படத்தைப் பத்தடிப் பதாகையாக அடித்து, வீதிக்கு அந்தப் பக்கம், பத்து மீற்றர் தள்ளிக் கட்டினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். பத்து மீற்றரில் கண்ணுக்குத் தேவை அங்குலத்துக்கு 9 பிக்சல் மட்டுமே. பத்தடி என்பது 120 அங்குலம், 1080 பிக்சல் போதும், கையில் 1600 இருக்கிறது. கோபுரத்துப் பொம்மையும் இப்படித்தான். வீதியில் நின்று கும்பிடும்போது எவ்வளவு லட்சணம்! கும்பாபிஷேகத்துக்குச் சாரம் கட்டிய காலத்தில் மேலே ஏறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கண்ணின் மை கட்டைவிரல் தடிப்பில் இழுத்த கோடு. பதாகையை வீட்டுப் படலையில் கட்டி, வருகிற சனம் கிட்ட நின்று பார்க்கும்போதுதான் வண்டவாளம் வெளிவரும்.

அக்காவிடம் ஒறிஜினலைக் கேட்டேன். "நான் அனுப்பினது ஒறிஜினல்தானே?" என்றார். பெரும்பாலானோர் நினைப்பது இதுதான். படத்தைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக இணைத்து அனுப்பினால் வட்ஸ்அப் அதில் கைவைக்காது, கோப்பு அப்படியே வரும். 2023 முதல் எச்டி என்று ஒரு தெரிவும் இருக்கிறது, அது முன்னையதைவிட மேல், ஆனால் அதுவும் சுருக்கத்தான் செய்யும். மூன்று நாள் நச்சரித்த பிறகு ஆவணமாக வந்தது. 3.8 மெகாபைட்.

அந்த மூன்று நாளில் நான் குறுக்குவழி தேடாமல் இருக்கவில்லை. மென்பொருளில் போட்டுப் பெருப்பித்தால் என்ன? போட்டோஷொப்பில் 1600ஐ 4000 ஆக்க ஒரு சொடுக்குப் போதுமே!

அந்தச் சொடுக்கு என்ன செய்கிறது என்று கவனியுங்கள். இருட்டான மாமர நிழலில் ஒரு பிக்சல், எண் 40. அதற்கு அடுத்தது வெள்ளைச் சட்டை, எண் 200. படத்தை இரண்டு மடங்கு விரித்தால் இடையில் வெற்றிடம் வரும். அதை எப்படி நிரப்புவது? சோம்பேறி வழி, பக்கத்தில் இருப்பதையே திருப்பி எழுதுவது: 40, 40, 200, 200. ஓரங்கள் படிக்கட்டாக வரும். கொஞ்சம் நாகரிகமான வழி சராசரி எடுப்பது: 40, 120, 200. படிக்கட்டு போய்விடும், ஆனால் கூர்மையாக இருந்த ஓரம் சாம்பல் பூசிக்கொள்ளும். போட்டோஷொப்பில் வழக்கமாக இருக்கும் பைகியூபிக் முறை, சுற்றியுள்ள பதினாறு பிக்சலைப் பார்த்து ஒரு வளைகோட்டைப் போடும். அந்த வளைவு சிலவேளை 40ஐவிடக் கீழேயும் 200ஐவிட மேலேயும் துள்ளிவிடும். கண்ணுக்கு அது கூர்மையாகத் தெரியும். கூடிப்போனால் ஆட்களைச் சுற்றி ஒளிவட்டம் வந்து எல்லோரும் சாமியாகிவிடுவார்கள்.

மூன்றில் எதை எடுத்தாலும் உள்ளது ஒன்றுதான். நீளத்தையும் அகலத்தையும் இரண்டு மடங்காக்கினால் பிக்சல் நான்கு மடங்காகும், அதில் முக்கால்வாசி புதிதாக எழுதியது. நாலு பேருக்குக் காய்ச்சிய ஒடியல் கூழில் தண்ணீர் விட்டுப் பதினாறு பேருக்கு ஊற்றினால் பானை நிறையும், கோப்பையில் நண்டுக்கால் வராது. சட்டைக் கட்டத்தின் அலையை ஜேபெக் ஏற்கனவே பூச்சியமாக்கிவிட்டது. எந்தச் சராசரியும் அதை மீட்காது.

அப்படியானால் ஒறிஜினல் என்பதாவது முழு உண்மையா? இங்கே ஓர் இரகசியம் இருக்கிறது. கமராவின் உள்ளே இருக்கும் ஒளியுணரிக்கு நிறமே தெரியாது. ஒவ்வொரு கலத்துக்கு மேலும் ஒரு நிற வடிகட்டி ஒட்டியிருக்கும்: பாதிக்குப் பச்சை, காற்பங்குக்குச் சிவப்பு, காற்பங்குக்கு நீலம். கொடாக் நிறுவனத்தின் பிறைஸ் பேயர் என்பவருக்கு 1976இல் காப்புரிமை கிடைத்த ஒழுங்கு இது. சிவப்பு வடிகட்டிக்குக் கீழே இருக்கும் கலம் சிவப்பை மட்டும் அளக்கும். அந்த இடத்துப் பச்சையும் நீலமும் பக்கத்துக் கலங்களைப் பார்த்து ஊகித்து எழுதியவை. அதாவது உங்கள் ஒறிஜினல் படத்திலேயே மூன்றில் இரண்டு எண்கள் அளந்தவை அல்ல. ஆனாலும் அந்த ஊகம் தாங்கும், ஏனென்றால் அளந்த கலம் ஒட்டிப் பக்கத்திலேயே இருக்கிறது, எட்டிப் பார்க்கத் தூரமில்லை. 48, 50 மெகாபிக்சல் என்று விளம்பரப்படுத்தும் போன்கள் பலவற்றில் நான்கு நான்கு கலங்கள் ஒரே நிற வடிகட்டிக்குக் கீழே கூட்டுக்குடும்பம் நடத்துகின்றன. நான்கையும் சேர்த்து 12 மெகாபிக்சலாகத்தான் வழக்கமாகப் படம் வருகிறது. 50 என்ற இலக்கத்தை நம்பிப் பெரிய கன்வஸ் கனவு காணவேண்டாம்.

இன்னொரு இலக்கத்தையும் இங்கேயே தள்ளிவிடலாம். கோப்புக்குள் 72 என்றோ 300 என்றோ ஒரு டிபிஐ எண், அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற எண், எழுதியிருக்கும். அது "என்னை இந்த அளவில் அடி" என்ற குறிப்பு மட்டுமே. 72ஐ அழித்து 300 என்று எழுதினால் ஒரு பிக்சல்கூட அதிகமாகாது. பிரிண்டர் பெட்டியில் போட்டிருக்கும் 1440 என்பது வேறு சங்கதி. ஒரு பிக்சலின் நிறத்தைக் காட்ட இயந்திரம் பல மைத்துளிகளைத் தெளிக்கும், அந்தத் துளிகளின் நெருக்கம் அது.

சரி, கன்வஸ் பிரச்சினை தீர்ந்தது என்று இருந்தபோது லண்டனில் இருந்து தங்கச்சி கூப்பிட்டாள். அம்மாவுக்கு ஐயாவின் படத்தையும் பெரிதாக்கிக் கொடுத்தால் என்ன? ஐயா என்றால் அம்மாவின் அப்பா, எங்கள் அம்மப்பா. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது அல்பங்கள் வீட்டோடு போய்விட்டன. உறுதியும் பிறப்புப் பத்திரமும் இருந்த பைக்குள் தற்செயலாகக் கிடந்தது ஒரே ஒரு கடவுச்சீட்டு அளவுப் படம், மூன்றரை சென்ரிமீற்றர் அகலம், நாலரை உயரம். ஐயாவுக்கு எங்களிடம் உள்ள ஒரே முகம் அதுதான். இந்த ஊரில் இப்படி ஒற்றைப் படத்தோடு இருக்கும் வீடுகள் எத்தனை என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

தங்கச்சி ஆளே காத்திருக்கவில்லை. எப்போதோ போனில் எடுத்து அனுப்பியிருந்த படத்தை ஒரு செயலியில் போட்டு, செயற்கை நுண்ணறிவால் துலக்கி, வீடியோ அழைப்பில் அம்மாவுக்கே காட்டிவிட்டாள். அற்புதமான படம். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாக, கண்ணில் வெளிச்சப் பொட்டு, நேற்று ஸ்ரூடியோவில் எடுத்ததுபோல. அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தார்.

"இது சின்னையா எல்லோ?"

ஐயாவின் தம்பி என்று நினைத்துவிட்டார். சிரித்து முடித்தபிறகு நான் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது கன்னத்தில் இருந்த அம்மை வடு வழித்துத் துடைத்துப் போயிருந்தது. நெற்றித் திருநீற்றின் மூன்று குறியும் மூன்று சுருக்கங்களாக மாறியிருந்தன.

இந்தச் செயலிகள் பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அவை படித்த படிப்பு அப்படி. இலட்சக்கணக்கான தெளிவான படங்களை எடுத்து, அவற்றை வேண்டுமென்றே சுருக்கிக் கெடுத்து, "இந்தக் கெட்டதில் இருந்து அந்த நல்லதைக் கொண்டுவா" என்று நரம்பு வலையமைப்பு என்ற கணினி நிரலைப் பழக்குகிறார்கள். 2014இல் ஹொங்கொங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் கூட்டாளிகளும் இதை ஆழ்நரம்பு வலையமைப்பால் செய்யலாம் என்று காட்டினார்கள். அதில் ஒரு சிக்கல் இருந்தது. நான்கு மடங்கு பெருப்பிக்கும்போது ஒரு பிக்சல் பதினாறாகவேண்டும். சுருக்கினால் அதே மங்கல் முகமாக வரக்கூடிய தெளிவான முகங்கள் எண்ணிலடங்காது. வடு உள்ள முகமும் வரும், வடு இல்லாத முகமும் வரும். பிழை குறைந்த விடை வேண்டும் என்று இயந்திரத்தைக் கேட்டால், அது எல்லாவற்றுக்கும் சராசரியாக ஒரு மங்கல் முகத்தைத் தரும். அது பார்க்க நன்றாக இல்லை. பின்னர் வந்த முறைகள் இரண்டு வலையமைப்புகளை மோதவிட்டன. ஒன்று படம் செய்யும், மற்றது "இது உண்மையான படமா, செய்ததா" என்று பிடிக்கப் பார்க்கும். பிடிபடாமல் தப்பவேண்டுமானால் மங்கலாக நிற்கமுடியாது. முடிவெடுக்கவேண்டும். அந்த எண்ணிலடங்கா முகங்களில் ஏதாவது ஒன்றைத் தெரிந்தெடுத்து, மயிர்க்கால் வரை வரைந்துவிடும். அது யாருடைய முகம் என்பது அதன் கவலை அல்ல.

2020இல் இது உலகம் பார்க்க நடந்தது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் இருந்து வந்த பல்ஸ் என்ற கருவி 16க்கு 16 பிக்சல் முகத்தை 1024க்கு 1024 ஆக்கியது. வெறும் 256 பிக்சல் பத்து இலட்சத்துக்கு மேலாகிறது. அதில் யாரோ பராக் ஒபாமாவின் மங்கல் படத்தைப் போட்டார்கள். வெளியே வந்தது ஒரு வெள்ளைக்காரர். அந்த வெள்ளைக்காரரைச் சுருக்கிப் பார்த்தால் திரும்பவும் அதே மங்கல் படம் வரும், கணக்குப்படி விடை பிழையில்லை! படித்த முகங்களில் யார் அதிகமோ அவர்களின் சாயல்தான் வரும். திருநீறு பூசிய நெற்றிகள் அந்தச் செயலியின் படிப்பில் எத்தனை இருந்திருக்கும்?

மாவிலை, சுவர், வானம், மணல் என்றால் செயலி வரைந்துவிட்டுப் போகட்டும், எந்த இலை எங்கே இருந்தது என்று யார் கேட்கப்போகிறார்கள்? முகத்திலும் எழுத்திலும் மட்டும் நான் அதை விடுவதில்லை. பின்னால் கடைப் பெயர்ப்பலகை இருக்கும் ஒரு பழைய படத்தைப் போட்டுப் பார்த்தேன், தமிழும் அல்லாத சிங்களமும் அல்லாத ஒரு லிபியைப் புதிதாகக் கண்டுபிடித்துத் தந்தது.

ஐயாவின் படத்துக்குச் செய்யக்கூடியது வேறு இடத்தில் இருந்தது. போனில் எடுத்த படத்தை விட்டுவிட்டு, அசலையே ஸ்கானரில் வைக்கவேண்டும். போனில் எடுக்கும்போது கை நிழலும், மினுக்குத் தாளில் யன்னல் வெளிச்சமும் விழும், ஓரங்களும் வளையும். மேசை ஸ்கானரில் 600 டிபிஐயில் எடுத்தபோது 827க்கு 1063 பிக்சல் கிடைத்தது. 1200இலும் எடுத்துப் பார்த்தேன், கூடக் கிடைத்தது கடதாசியின் நாரும் கீறலும்தான். உங்கள் வீட்டில் படச்சுருள் இருந்தால் அது வேறு கதை. 35 மில்லிமீற்றர்ச் சுருளின் ஒரு சட்டத்தை 2400 டிபிஐயில் எடுத்தாலே எழுபது, எண்பது இலட்சம் பிக்சல் வரும். பிரிண்டைப் பவுத்திரப்படுத்திவிட்டு நெகற்றிவைக் குப்பையில் போட்டவர்களை நினைத்தால் வயிறு எரிகிறது.

827 பிக்சல். கையில் பிடித்துப் பார்ப்பது என்றால் மூன்று அங்குலத்துக்கு மேல் தாங்காது. சுவரில், ஒரு மீற்றர் தள்ளி என்றால் 87 போதும், 8க்கு 10 அங்குலம் அடித்தால் நூற்றுக்குச் சற்று மேல் வருகிறது. அந்த அளவோடு நிறுத்திக்கொண்டேன். சட்டத்துக்கும் படத்துக்கும் இடையில் நான்கு விரல் அகலத்துக்கு வெள்ளை அட்டை வைக்கச் சொன்னேன். சுவரில் பெரிதாகத்தான் தெரியும், ஆனால் முகத்தை இழுத்து விரிக்கவில்லை.

கன்வஸிலும் ஒரு தவறு கடைசி நேரத்தில் பிடிபட்டது. கன்வஸ் துணியை ஒன்றரை அங்குல மரச்சட்டத்தில் இழுத்து, ஓரத்தைப் பக்கவாட்டில் மடித்து, பின்னால் ஆணி அடிப்பார்கள். அப்படி மடிக்கப் பக்கத்துக்கு இரண்டு அங்குலமாவது கூடுதல் படம் வேண்டும். எங்கள் வரிசையின் இடது ஓரத்தில் நிற்கும் சித்தப்பாவின் தோள் முழுவதும் அந்த மடிப்புக்குள் போக இருந்தது. கடைப் பொடியன் ஓரத்துப் பிக்சல்களைக் கண்ணாடி பிம்பம்போல வெளிப்பக்கம் திருப்பிப் போட்டு மடிப்புக்கு இடம் செய்தான். பக்கவாட்டில் இருந்து பார்த்தால் சித்தப்பாவுக்கு இன்னொரு தோள் இருக்கிறது. முன்னால் இருந்து தெரியாது. துணியின் நெசவு சின்னக் குறைகளை விழுங்கிவிடும், ஆகவே கன்வஸுக்கு அங்குலத்துக்கு 125 தாராளம். அதே 125ஐ மினுக்குத் தாளில் அடித்துக் கையில் கொடுத்திருந்தால் முகங்கள் கொஞ்சம் சொதசொதப்பாகத் தெரிந்திருக்கும். மேற்கு யன்னலுக்கு நேரே மட்டும் மாட்டவேண்டாம் என்று சொல்லித்தான் தந்தான். நம் ஊர்ப் பின்னேர வெயில் எந்த மையையும் சும்மா விடாது.

பிறந்தநாள் அன்று கன்வஸை எல்லோரும் கதிரையில் இருந்தபடி பார்த்தார்கள், யார் மெலிந்துவிட்டார், யார் கண்ணை மூடிவிட்டார் என்று கதைத்தார்கள். ஐயாவின் படத்தை அம்மா அப்படிப் பார்க்கவில்லை. எழும்பிக் கிட்டப் போனார். ஒரு சாண் தூரம் வரை போய், கிட்டப்பார்வைக்காரர்கள் செய்வதுபோலக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். என்னுடைய ஒரு மீற்றர்க் கணக்கு அங்கேயே கவிழ்ந்துவிட்டது. அந்தத் தூரத்தில் படம் மங்கல்தான், எனக்குத் தெரியும். இடது கன்னத்தில் பத்துப் பதினைந்து பிக்சல் அகலத்தில் ஒரு கருமை இருந்தது. அதில் விரலை வைத்து, "சின்னனிலை அம்மை வந்ததாம், ஆச்சி சொல்லுறவ" என்றார்.